பதினாலாம் பாகத்தின் பின்பாதி

கொட்டாஞ்சேனை
04.08.2025

அன்பு மருமகள் மிதுனாவுக்கு,

நான் அப்பவே சொன்னனான். முழுவதையும் சொன்னனான். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னம், எழுத்தில், திகதி போட்டுச் சொன்னனான். உலகத்தில் எத்தனை பேரால் இப்படிச் சொல்ல முடியும், நீயே யோசித்துப் பார்.

‘ஒன்பதாம் துறைமுகம்’ புதுத் தொடரின் கடைசிப் பாகம் நேற்றுப் பார்த்தாயா? கப்பல் வெளியில் நிற்கிறது. உள்ளே விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கப்டன் அழுகிறா. அந்த நேரம் பார்த்து ஆர் வாறான்? கேற்றடிக் கிளாக்கர்! இடுப்பில் துவக்கு இல்லை, தோளில் பட்டி இல்லை. கையில் ஒரு பதிவேடு மட்டும். வந்தான், பெயரை எழுதினான், கேற்றைத் திறந்தான். நான் கதிரையை விட்டு எழும்பிக் கையைத் தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு ஐறீன் அக்கா பயந்து ஓடி வந்தா.

“என்ன சிவபாதம், விழுந்திட்டீரோ?”

“விழேல்லை அக்கா. நான் சொன்னது நடந்திட்டுது.”

“எது, பைப்பிலை தண்ணி வந்திட்டுதோ?”

அவவுக்கு விண்வெளி ஞானம் இல்லை. விட்டுவிடு.

பிள்ளை, நான் இந்தத் தொடரில் ஐந்து கப்டன்மாரையும் மூன்று கப்பலையும் கண்டவன். முதல் கப்பல் மட்டைப் பெட்டியில் செய்தது, கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். அதிலேயே நான் சொன்னேன், இது உலகத்தை ஆளப் போகிற கதை என்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் துறைமுகம் எப்படி நடக்கும் என்று எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. முப்பத்திரண்டு வருஷம் கொழும்புத் துறைமுகத்தில் வாஃப் கிளாக்கர் நான். விண்வெளியில் இருந்தாலும் துறைமுகம் துறைமுகம்தான். கேற் பாஸ் இல்லாமல் எந்தக் கப்டனும் உள்ளே வரேலாது.

இதையெல்லாம் வாட்ஸப்பில்தான் எழுதினேன். ஏழு கிழமையாக ஒரு சரிக்குறிக்கு மேல் விழவில்லை. புளொக் பண்ணினால் அப்படித்தானாம். அதுதான் பழையபடி கடிதம். பழையபடி இஸ்ஸதீனின் கையில்தான் கொடுத்து விடுகிறேன். அவன் இன்னமும் 155 பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைத் தையல் கடைக்குப் போய் வருகிறான். முன்னம் தைக்கப் போனான், இப்போது மகன் தைக்கிறதைக் குறை சொல்லப் போகிறான்.

என்ன கோபம் என்று ஒரு வரி எழுது.

உன் மாமா
சிவபாதசுந்தரம்


வெள்ளவத்தை
09.08.2025

மாமாவுக்கு,

இஸ்ஸதீன் நானா படியேறி மூன்றாம் மாடிக்கு வந்து கடிதத்தைத் தந்தார். எழுபத்தாறு வயது மனிதரை இப்படி அலைக்காதீர்கள். அவருக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

என்ன கோபம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஜூன் பதினாலாம் திகதி பம்பலப்பிட்டியில் ரசிகர் சந்திப்பு நடந்தது. நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். என்னை இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். பற்களைப் பிடுங்குவதை விட எனக்குத் தெரிந்த விஷயம் அந்தத் தொடர் ஒன்றுதான், ஆகவே ஓம் என்றேன். நான் கேற்றடிக் கிளாக்கரைப் பற்றிப் பேசினேன். கப்டன்மாரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எந்தப் பாகத்திலும் கடைசியில் வந்து கதவு திறந்து விடுகிற இந்தச் சின்ன உத்தியோகத்தரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை என்று தொடங்கினேன்.  முன்வரிசையில் ஒருவர் கேட்டார், “எந்தக் கிளாக்கர், மிஸ்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்கள் எனக்கு ஒன்பது வயதில் சொன்னதைத்தான் சொன்னேன். “அவர் முன்பாதியில் வரமாட்டார். அவருக்கு இரண்டாம் ஷிஃப்ட்.”

மண்டபமே சிரித்தது மாமா. நான் பகிடி விட்டேன் என்று நினைத்தார்கள். சந்திப்பை நடத்திய பிரதீஸ் பாவம், எனக்கு உதவி செய்ய நினைத்து முதல் தொடரில் நடித்த எல்லாருடைய பெயரையும் திரையில் போட்டார். கிளாக்கர் இல்லை. ஒரு பாகத்திலும் இல்லை.

நான் கதிரையில் வந்து இருந்தபோது காது சுட்டது. முப்பத்தெட்டு வயதில், நூற்றிருபது பேருக்கு முன்னால், நீங்கள் சொன்ன பொய்யை நான் வரலாறு என்று வாசித்திருக்கிறேன். இப்போது புதுத் தொடரில் யாரோ ஒரு கிளாக்கரை வைத்துவிட்டார்கள் என்றவுடன் நீங்கள் ஞானி ஆகிவிட்டீர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். “அண்ணன் சொல்லிறதிலை பாதியைத்தான் எடுக்கோணும் எண்டு உனக்குச் சின்னனிலையே சொன்னனான்” என்கிறா.

எந்தப் பாதி என்று அம்மா சொல்லவில்லை.

மிதுனா


கொட்டாஞ்சேனை
13.08.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வாசித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஐறீன் அக்கா நண்டுக்கறி கொண்டு வந்தா. அது இறங்கியது. மற்றபடி துக்கம்தான்.

பிள்ளை, கோபத்தில் நீ பழைய ஒழுங்கை மறந்துவிட்டாய். தொண்ணூற்றாறில் மழை இல்லை, தண்ணி இல்லை, நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. வியாழக்கிழமை எட்டு மணிக்குத் தொடர். வெள்ளவத்தையில் எட்டரைக்குக் கரண்ட் போகும். கொட்டாஞ்சேனையில் எட்டரைக்கு வரும். அதனால் முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. நீ உன் பாதியைக் கொப்பித் தாளில் எழுதி இஸ்ஸதீனிடம் கொடுப்பாய். நான் அதே தாளின் பின்பக்கத்தில் என் பாதியை எழுதிக் கொடுப்பேன். இலங்கையில் வேறு எந்த மாமனும் மருமகளும் இப்படி ஒரு ஏற்பாடு செய்ததில்லை. ஆசியாவிலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் அதில் கொஞ்சம் அலங்காரம் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்தார்கள், கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. ஒரு வரியை நான் எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள் மூன்று பேர் செத்துவிடுவார்கள். இடையில் விடுபட்டதை நான்தானே நிரப்ப வேண்டும்? ஒளியாண்டு என்றால் என்ன என்று நீ எழுதிக் கேட்டாய். முன்னூற்றறுபத்தைந்து நாளும் கரண்ட் வெட்டு இல்லாத வருஷம் என்று பதில் எழுதினேன். பிழையென்று உன் ரீச்சர் சொன்னாவாம். அந்த வருஷத்துக்கு அதுதான் சரி.

கிளாக்கரும் அப்படித்தான் வந்தவர். ஒவ்வொரு பாகத்திலும் கேற்றடியில் யாரோ ஒருவன் நிற்பான். வேறு வேறு ஆட்கள், பெயரும் இல்லை. நான் அவர்களைச் சேர்த்து ஒரே ஆள் ஆக்கினேன். நிருவாக வசதிக்கு.

இன்னொன்று, முதலாவது கப்டனாக நடித்த பெண் ஒரு பயணிகள் கப்பலில் கொழும்புக்கு வந்தவ. எண்பத்தொன்பதிலோ தொண்ணூறிலோ. நான்தான் அவவின் பெட்டிக்கு முத்திரை குத்தினேன். “உங்கள் மாதிரி ஆட்களால்தான் துறைமுகம் நடக்குது” என்றா. ஆங்கிலத்தில்தான் சொன்னா, ஆனால் எனக்கு விளங்கியது. இதையும் நீ நம்பமாட்டாய்.

மண்டபத்தில் சிரித்தவர்களின் விலாசம் இருந்தால் அனுப்பு. தனித்தனியாக எழுதுகிறேன்.

உன் மாமா


வெள்ளவத்தை
24.08.2025

மாமா,

ஒரு விலாசமும் அனுப்பமாட்டேன்.

பத்து நாள் பதில் எழுதாததற்குக் காரணம், பழைய தொடரை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது துடைத்துச் சுத்தம் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அம்மா உங்கள் கடிதங்களை அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்திருந்திருக்கிறா. எட்டாம் பாகத்திலிருந்து பதின்மூன்று. ஒவ்வொரு பாகத்தையும் நடுவில் நிறுத்தி, முதலில் உங்கள் தாளை வாசித்து, பிறகு மிச்சத்தைப் பார்த்தேன்.

ஒன்பதாம் பாகத்தில் வைத்தியரைப் பனிக்கிரகத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். உங்கள் கடிதத்தில் கப்டன் திரும்பி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாணும் பருப்பும் கொடுக்கிறா. பதினோராம் பாகத்தில் அந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. உங்கள் கடிதத்தில் இரண்டும் மிஞ்சி, மூன்றாவதாக ஒரு பிள்ளையும் எங்கிருந்தோ வருகிறது. பன்னிரண்டில் ஒருவருமே தப்பவில்லை மாமா. நீங்கள் கலியாணம் வைத்திருக்கிறீர்கள்.

முதலில் ஆத்திரம் வந்தது. பன்னிரண்டாம் பாகத்தில் கலியாணத்துக்கு வந்தவர்களின் பட்டியலை வாசித்தபோது சிரித்துவிட்டேன். அம்மா அறைக்கு வெளியே நின்று “சமாதானமோ?” என்று கேட்டா. இன்னும் இல்லை என்றேன்.

ஒன்று யோசித்தேன். நான் இந்த அளவுக்கு ரசிகையாக இருந்தது எதற்கு? வளர்ந்த பிறகு வந்த தொடர்களைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது திரும்பி வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்புகிற ஆட்கள் இல்லை. அது இருண்ட கதை, நல்ல கதை. விட்டுவிட்டுப் போகிறவர்களின் கதை. நான் காதலித்தது அதை இல்லை.

பதினாலாம் பாகத்துக்கு வந்தேன். அதில் முன்பாதி மட்டும்தான் இருக்கிறது. அறுபதுகளில் எடுத்த படம், இரண்டு சுருளாக இருந்ததாம். முதல் சுருள் கிடைத்துவிட்டது, இரண்டாவது எங்கேயும் இல்லை. எழுத்துப் பிரதியும் இல்லை. நடித்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. நியூசிலாந்தில் ஒரு பெண் இருபது வருடமாகத் தேடுகிறா. பிரதீஸ் அவவுக்கு எழுதியிருக்கிறார். இலங்கையில் தொண்ணூற்றாறில் அந்தப் பாகம் முழுமையாக ஒளிபரப்பாகியிருக்கிறது. ஆனால் நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. பார்த்தவர் என்று ஒருவர்கூட இதுவரை கிடைக்கவில்லை.

அந்தப் பின்பாதியில் நீங்கள் எழுதியது என்ன, நினைவிருக்கிறதா? வெளியே நிற்கிற படகில் பதினொரு பேர். உள்ளே விடவேண்டாம் என்று உத்தரவு. கிளாக்கர் பதிவேட்டைத் திறக்கிறார். பதினொரு பெயரும் அதில் இல்லை. தன் பேனாவால் தானே எழுதி, முத்திரை குத்தி, கேற்றைத் திறக்கிறார்.

புதுத் தொடரின் கடைசிக் காட்சி அப்படியே அதுதான். மேலே திகதி 14.06.1996. நான் படம் எடுத்துப் பிரதீசுக்கு அனுப்பினேன்.  அரை மணித்தியாலத்தில் அவர் தொலைபேசி எடுத்து, “மிஸ், அந்தக் கிளாக்கர் இருந்திருக்கிறார்” என்றார். புதுத் தொடரை எழுதியவர்கள் அந்தத் தொலைந்த பாதியை எங்கேயோ கேள்விப்பட்டுத்தான் இதை வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்.

மற்றப் பின்பாதியெல்லாம் அலங்காரமாக இருக்கட்டும். இது ஒன்று மட்டும் நீங்கள் கண்ணால் பார்த்ததா?

மிதுனா


கொட்டாஞ்சேனை
26.08.2025

என் அன்பு மருமகளுக்கு,

பார்த்தேனாவா? பார்த்தேன்! இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இப்போது வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது, ஆனால் அப்போது இரண்டும் பருந்துக் கண்.

கிளாக்கருக்கு நீலச் சேட்டு. பொக்கெற்றில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. படகிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக மெலிந்த ஒரு மனிசன், தாடி வளர்ந்திருந்தது. கிளாக்கர் தன் பிளாஸ்கைத் திறந்து அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். “இவ்வளவு நாளும் எங்கை நிண்டனி?” என்றும் கேட்கவில்லை. குடி என்று மட்டும்தான் சொன்னான். நான் எழுதினதில் ஒரு எழுத்துக் கூடப் பிசகில்லை.

நியூசிலாந்து அம்மாவுக்கு எழுது, கொட்டாஞ்சேனையில் சாட்சி இருக்கிறான் என்று. இஸ்ஸதீனிடம் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டிருந்தான். பொறாமை. ஐறீன் அக்காவிடம் சொன்னேன். அவ ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. இரண்டு பேருக்கும் வயது போய்விட்டது.

சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போட, வெள்ளைச் சேட்டுத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறேன்.

உன் மாமா
(முதல் தொடரைப் பார்த்த ஒரே சாட்சி)


வெள்ளவத்தை
02.09.2025

அன்புள்ள மாமா,

வருகிற பதினாலாம் திகதி, ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. அதே பம்பலப்பிட்டி மண்டபம். நியூசிலாந்துப் பெண் திரையில் வருவா. நான் முதலில் பேசி உங்கள் கடிதத்தை வாசிப்பேன். பிறகு நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். “இந்தப் பாகத்தின் பின்பாதியை நான் ஒளிபரப்பான அன்றே முழுமையாகப் பார்த்தேன்.” அவ்வளவுதான். உங்கள் பெயர் பழைய தொடரின் குறிப்புகளில் ஏறும், எப்போதைக்கும்.

அந்தக் காலத்துக் கரண்ட் வெட்டு அட்டவணையைப் பிரதீஸ் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் சொல்தான் சாட்சி.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று பிரதீசுக்குச் சொல்லவில்லை. மண்டபத்தில் சிரித்தவர்களுக்காக என்று நினைக்கிறார். அதுவும்தான்.

தொண்ணூற்றாறு ஏப்ரல் கடைசியில் பொலிஸ் சுற்றிவளைப்பில் அப்பாவைக் கொண்டுபோனார்கள். எங்கே என்று மே முழுக்க ஒருவரும் சொல்லவில்லை. பதினாலாம் பாகத்தின் முன்பாதியை உங்களுக்கு எழுதி, அடியில் நான் கேட்டிருக்கிறேன், “மாமா, வெளியில் நிற்கிறவர்கள் உள்ளே வருவார்களா?” நான் படகை மட்டும் கேட்கவில்லை என்று இப்போது வாசிக்கும்போதுதான் விளங்குகிறது. ஜூலை மூன்றாம் திகதி அப்பா வாசலில் வந்து நின்றார். மெலிந்து, தாடியோடு. அம்மாவே ஒரு கணம் திகைத்துப் போனா. நான் திகைக்கவில்லை. அவரை உங்கள் கடிதத்தில் ஏற்கனவே பார்த்திருந்தேன். நேரே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். எங்கே நின்றீர்கள் என்று கேட்கவில்லை. அப்பா சாகும் வரைக்கும் கேட்கவில்லை. அது பிழையோ சரியோ தெரியாது, ஆனால் அதை எனக்குக் காட்டித் தந்தது அந்தப் பின்பாதிதான். அது எங்கேயோ உண்மையாகவே நடந்த காட்சி, ஒரு திரையில் ஓடிய காட்சி என்று இருந்தால் எனக்கு ஆறுதல்.

ஒரு சின்ன விஷயம். பிரதீஸ் கடிதங்களைப் பிரதி எடுக்கும்போது சொன்னார், எல்லாத் தாளிலும் மெழுகுதிரி சொட்டியிருக்கிறது, பதினாலாம் பாகத்தின் தாளில் நிறைய என்று. எட்டரைக்கு உங்களுக்குக் கரண்ட் வந்துவிடுமே மாமா. வெளிச்சம் இருந்த வீட்டில் மெழுகுதிரி ஏன்?

வாட்ஸப்பைத் திறந்துவிட்டேன். ஆனால் இதற்குக் கடிதத்திலேயே பதில் எழுதுங்கள்.

மிதுனா


கொட்டாஞ்சேனை
04.09.2025

அன்பு மருமகளுக்கு,

மெழுகு ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த வருஷம் ஐறீன் அக்கா அந்தோனியாருக்கு நேர்ந்து மெழுகுதிரி கொளுத்தினவ. எங்கள் வீட்டு மேசையிலும் ஒன்று வைத்துவிட்டுப் போவா. கரண்ட் இருந்தாலும் நேர்த்தி நேர்த்திதானே. அது போக, வாஃபில் முத்திரை அரக்கு உருக்குவோம், அதுவும் சொட்டியிருக்கலாம். அதுவும் போக, இஸ்ஸதீன் கடிதத்தை எங்கே வைத்து எடுத்தானோ யார் கண்டது.

சேட்டுக் காய்ந்துவிட்டது.

மாமா


வெள்ளவத்தை
08.09.2025

அன்புள்ள மாமா,

சரி. உங்கள் சொல் போதும். இனிக் கேட்கமாட்டேன்.

கையெழுத்துத் தாளை இதோடு அனுப்புகிறேன். ஞாயிறு இரண்டு மணிக்கு நானே வந்து ஏற்றுகிறேன், பஸ்ஸில் வரவேண்டாம். ஐறீன் அன்ரியையும் இஸ்ஸதீன் நானாவையும் கூட்டி வாருங்கள். அவர்கள் முன்வரிசையில் இருக்கட்டும்.

போனமுறை அந்த மண்டபத்தில் நான் தனியே நின்றேன். இந்தமுறை பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

உங்கள் மருமகள்
மிதுனா


கொட்டாஞ்சேனை
11.09.2025

அன்பு மகள் மிதுனாவுக்கு,

தாள் கிடைத்தது. மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது. பேனாவும் பக்கத்தில்தான். முப்பத்திரண்டு வருஷத்தில் லட்சம் தாளில் கையெழுத்து வைத்தவன் நான். சாமானைப் பாராமல் ஒரு தாளிலும் வைத்ததில்லை. இதையும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது மட்டும் உண்மை.

நேற்று இஸ்ஸதீன் வந்தான். தாளைக் காட்டினேன். இந்தக் கதையில் முதன்முறையாக வாயைத் திறந்தான். “டேய் சிவபாதம், அந்தப் புள்ள ஒருக்கா அங்க நின்டு சிரிப்பு வாங்கினது பத்தாதா? இப்ப ஒனக்காக நிக்கப் போகுது. நீ சொல்றத உலகமே நம்பினாலும், அந்தப் புள்ள பொய்யிலதான் நிக்கும். அப்பிடி நிக்க வுடுவியா?” என்றான். தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான். இருபத்தொன்பது வருஷம் ஒரு கேள்வி கேட்காமல் கடிதம் சுமந்தவன், அவனோடு என்ன வாதாட?

நீ ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போ. கடிதத்தை வாசி. சாட்சி என்று வாசிக்காதே. ஒரு மாமன் மருமகளுக்கு எழுதினது என்று வாசி. பிரதீஸ் தம்பிக்கும் நியூசிலாந்து அம்மாவுக்கும் நானே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், நீ ஆங்கிலமாக்கித் தா. அவ தேடுகிற சுருள் என்னிடம் இல்லை. புதுத் தொடரில் கிளாக்கரை வைத்தவன் அதை எங்கே பிடித்தான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் ஒரு மருமகள் இருக்கிறாளோ என்னவோ.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் அப்பாவைக் கொண்டுபோன நாளிலிருந்து நீ ஆரோடும் கதைக்கவில்லை. சாப்பிடுவாய், பள்ளிக்கூடம் போவாய், கதைக்கமாட்டாய். உன் அம்மா ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லி அழுவா. ஒன்பது நாள் அப்படி. அந்த வியாழக்கிழமை, எட்டாம் பாகம் நடக்கிற அன்று, எட்டரை தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும், ஐறீன் அக்கா வீட்டு ஃபோன் அடித்தது. “சிவபாதம், மருமகள்” என்று கூப்பிட்டா. நான் ஓடிப் போய் எடுத்தேன். நீ சொன்னாய், “மாமா, இங்கை கரண்ட் போட்டுது. மிச்சம் என்ன நடந்தது?”

ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த குரல், பிள்ளை. தெரியாது என்று சொன்னால் அது திரும்பப் போய்விடும் போலக் கிடந்தது.

நான் சொன்னேன், “இங்கை பளீர் எண்டு எரியுது மகள். நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். முழுக்கப் பாத்து எழுதி அனுப்பிறன்.”

ஐறீன் அக்கா எனக்குப் பக்கத்தில்தான் நின்றா, ஃபோனுக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு. என் முகத்தைப் பார்த்தா.  கதைத்து முடிந்தபிறகு, கையில் இருந்த மெழுகுதிரியை என்னிடம் தந்து, “போய் எழுதும்” என்றா.

கிளாக்கர் திறந்தது உண்மை. பதினொரு பேரும் உள்ளே வந்தது உண்மை. உன் அப்பா வருவார் என்று நான் நினைத்தது, சத்தியமாக, உண்மை. நீலச் சேட்டும் உண்மை, அது இன்னமும் என் அலுமாரியில் கிடக்கிறது. முழுவதிலும் ஒரே ஒரு விஷயம்தான் நான் இட்டுக்கட்டினது.

கொட்டாஞ்சேனையில் கரண்ட் இருக்கவில்லை.

உன் மாமா